பிள்ளைக்காம்பராவும் டே கெயாரும்: மலையகத்தில் ஒரு பராமரிப்பு நிலையத்தின் வரவு செலவு

பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிள்ளைகள் வந்தால் கட்டும்?" என்பதுதான். எந்த வயதில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பத்தொன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதாமாதம் கைக்காசு போடுகிறவர்களும் உண்டு, அதே பத்தொன்பதோடு தாக்குப்பிடிக்கிறவர்களும் உண்டு. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன நிலையத்தை நடத்தியதில் நாங்கள் கற்றுக்கொண்ட கணக்கையும், பதிவு வேலைகளை எந்த ஒழுங்கில் செய்தால் அலைச்சல் குறையும் என்பதையும், பிழை போகும் இடங்களையும் இதில் எழுதுகிறோம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளைக்காம்பரா, அதாவது வேலை நேரத்தில் தோட்டமே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், இலவசம். அதனால் டவுனில் ஒரு டே கெயார் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கேட்டால் கொள்ளை என்றே தோன்றும். உண்மையில் பிள்ளைக்காம்பராவும் இலவசமாக நடக்கவில்லை. அதன் செலவு தேயிலையின் உற்பத்திச் செலவுக்குள் போய்விடுகிறது, தாய்க்குப் பில் வருவதில்லை, அவ்வளவுதான். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இதற்கான காரணம் தெரிகிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அதாவது பிள்ளைக்காம்பரா வைத்திருக்கும் தோட்டத்துக்கு, பால் கொடுக்கும் ஒவ்வொரு தாய்க்கும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம்.

இந்த ஒரு மணித்தியாலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இனி நிலையத்தின் கணக்கு. எல்லாம் 2025ஆம் ஆண்டு விலையில். மூன்று கைக்குழந்தைகள், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட ஆறு பேர், மூன்று வயதுக்கு மேல் பத்துப் பேர், ஆக 19 என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தைகளில் மூவருக்கு ஓர் ஆள், நடை பழகிய பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஓர் ஆள், பெரிய பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஓர் ஆள், சமையலுக்கு ஓர் ஆள். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதால் ஒருவர் சமாளிக்கலாம், நான்காவது குழந்தை வந்தால் ஒன்று கட்டாயம் கவனிக்காமல் கிடக்கும்.

2025 ஏப்ரலிலிருந்து அந்த வருடக் கடைசி வரை தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. அதன்மேல் தொழில் கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஆக ஓர் ஆளுக்கு 31,050 ரூபா. இதைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆள் செலவு மட்டும் கைக்குழந்தைக்கு 10,350, நடுவயதுப் பிள்ளைக்கு 5,175, பெரிய பிள்ளைக்கு 3,105. வாடகை, கரன்ட், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து 40,000 என்றால் தலைக்கு 2,105. சமையல் ஆள் தலைக்கு 1,634. சாப்பாடு நாளுக்கு 150 ரூபா, மாதம் 22 நாள் என்றால் 3,300. கைக்குழந்தைக்கு அதில் பாதி.

கூட்டிப் பாருங்கள். கைக்குழந்தை 15,739. நடுவயதுப் பிள்ளை 12,214. பெரிய பிள்ளை 10,144. மாதச் செலவு மொத்தம் 2,21,950 ரூபா.

கைக்குழந்தைக்கு 15,739 கேட்டால் யாரும் கொண்டுவரப் போவதில்லை. அதனால் எல்லாரும் செய்வது, பெரிய பிள்ளையின் கட்டணத்தில் கொஞ்சம் ஏற்றிச் சின்னப் பிள்ளையின் கட்டணத்தில் இறக்குவது. 13,000, 12,000, 11,500 என்று வைத்தால் வரவு 2,26,000. கையில் நிற்பது 4,050 ரூபா. இந்த மெல்லிய நூலில்தான் நிலையம் தொங்குகிறது. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் நின்றுவிட்டால் 23,000 வரவு போகும், சாப்பாட்டில் மிச்சப்படுவதோ 6,600தான். உடனே மாதம் 12,350 துண்டு விழும். ஆளைக் குறைக்கவும் முடியாது, எட்டுப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் நிற்பது திடீரென்று நடப்பதல்ல. பாடசாலை ஆண்டு தொடங்கும்போது முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள். பெரிய பிள்ளைகளின் அறை வருடத்தில் ஒருமுறை நிச்சயமாகக் காலியாகும், அதை நிரப்பப் பல மாதம் எடுக்கும். ஆகவே இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளை வருட நடுவிலேயே சேர்க்கத் தொடங்க வேண்டும். கைக்குழந்தையைக் குறைந்த கட்டணத்தில் எடுப்பதற்கான நியாயமும் இதுதான்: அந்தப் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகும் வரை இருந்தால் பின் வருடங்களில் ஈடுகட்டும். பெற்றோர் மாற்றலாகிப் போகும் அரச ஊழியராக இருந்தால் அந்தக் கணக்கு உடையலாம். கைக்குழந்தை இடம் மூன்றுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான், கெஞ்சிக் கேட்டாலும்.

2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 30,000. நான்கு பேருக்கு இரண்டு நிதிகளோடும் சேர்த்து மாதம் 13,800 கூடுகிறது, பிள்ளைக்கு ஏறத்தாழ 726 ரூபா. இப்படிப்பட்ட ஏற்றத்தைப் பெற்றோருக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். திடீரென்று சொன்னால், நியாயமான தொகை என்றாலும் கசந்துபோகும். பராமரிப்பவரின் சம்பளத்தை நிறுத்திவைத்து இதைச் சமாளிக்க நினைக்காதீர்கள். பிள்ளை பழகிய முகம் போனால் பிள்ளையும் போய்விடும்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் இந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா? 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது; 2025இல் இருந்த அந்தச் சம்பளத்தில்தான் இந்தக் கணக்கு. மாதம் 20 பேர் விழுந்தால், அதாவது 20 நாள் வேலை பதிவானால், 27,000. அவருடைய பங்கான 8 வீதச் சேமலாப நிதி 2,160 போக 24,840. அதில் கைக்குழந்தைக்கு 13,000 கட்டினால் மிஞ்சுவது 11,840. இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவர் நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. தனியார் டே கெயார் டவுனிலே ஆசிரியை, தாதி, வங்கி ஊழியர், கடை வைத்திருப்பவர் என்று வளர்கிறது. தோட்டத்துத் தாய்க்கு வேலை கொடுப்பவர் செலவில் பங்கெடுக்காமல் எந்தக் கணக்கும் பொருந்தாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தோடு சேர்ந்து தோட்டங்கள் நடத்தும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் மூடப்படக்கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வதும் இதை வைத்துத்தான். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று இரண்டு டிவிஷன் காம்பராக்களை ஒன்றாக்கினால், காலையில் கைப்பிள்ளையோடு இரண்டு மைல் ஏறி இறங்கிப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) வந்துசேர வேண்டியவர் அந்தத் தாய்தான்.

தோட்ட நிர்வாகத்தோடு பேசப் போனால் மேலே சொன்ன ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 1,350ஐ எட்டால் வகுத்தால் 168 ரூபா 75 சதம். பால் கொடுக்கும் தாய்மார் ஆறு பேர், 22 நாள் என்றால் மாதம் 22,275 ரூபா நேரம் மிச்சம். ஆறு குழந்தைகளுக்கு இரண்டு ஆள் வேண்டும், 62,100 ரூபா. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே மூடிவிடுகிறது. கொழுந்து மண்டிக் கிடக்கும் மாதங்களில் தாய் லீவு போடாமல் மலைக்கு வருவதன் பெறுமதி இதற்கு வெளியே. தர்மம் கேட்பதுபோல் போகாமல் இந்தத் தாளை மேசையில் வையுங்கள்.

டவுன் நிலையத்திலும் தோட்டத்துப் பிள்ளைகள் ஓரிருவர் வருவார்கள். அவர்களுக்கு "வந்த நாளுக்கு மட்டும் காசு" என்று ஒப்புக்கொண்டால் நிலையம் படுத்துவிடும். கொழுந்து குறைந்த காலத்தில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கும், பிள்ளை மூன்று நாள்தான் வரும், ஆனால் உங்கள் ஆளுக்கு முழுச் சம்பளம். கட்டணத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இடத்துக்கான மாதத்தொகை ஒன்று, சாப்பாட்டுக்கு வந்த நாள் கணக்கு ஒன்று. வராத நாளுக்கு 150 ரூபா கழியும், இடத்துக்கான தொகை கழியாது. வசூலிக்கும் நாளையும் சம்பள நாளோடு பொருத்த வேண்டும். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம், ஆகவே 10 முதல் 12க்குள். அரச ஊழியர்களுக்கு மாதக் கடைசியில். எல்லாரிடமும் முதலாம் திகதி கேட்டால் பாதிப் பேர் கடன் சொல்வார்கள்.

பதிவு வேலைகளில் ஒழுங்கு முக்கியம். முதலில் கட்டடத்துக்கான உரித்து, அல்லது குத்தகை உடன்படிக்கை. அதில்லாமல் மற்ற எதுவும் நகராது. தோட்டக் காணியில் உள்ள வீடென்றால் நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. அடுத்து கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே. மலசலகூடக் குழிக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், சமையலறைக் கழிவுநீர் போகும் வழி, இரண்டாவது வாசல் ஆகியவற்றை அவர் பார்ப்பார். முடித்த பிறகு கூப்பிட்டால் உடைத்துத்தான் கட்ட வேண்டும். உள்ளூராட்சி மன்ற அனுமதி, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தோடு பேசுவது எல்லாம் அந்த அறிக்கை கையில் வந்த பிறகு. ஊழியர் சேமலாப நிதிப் பதிவை முதல் ஆளைச் சேர்க்கும் நாளே செய்யுங்கள். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் மேலதிகத் தொகை ஏறும், 4,050 ரூபா மிச்சத்தில் அதைத் தாங்க முடியாது. வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் பொலிஸ் சான்றிதழ் கட்டாயம். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள்.

கட்டடத்தைப் பார்க்கும்போது மழையை நினைத்துப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, பதுளைப் பக்கம் வருடக் கடைசியிலும் தைப் பிறப்பை ஒட்டியும். மூன்று கைக்குழந்தைகளுக்கு நாளுக்கு எட்டு வீதம் 24 துணி நெப்பி. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் 72 ஈரத்துணி சேரும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை துணியில் ஏறி, குழந்தைக்கு இருமல் வரும். கூரையில் இரண்டு தகட்டைக் கழற்றி வெளிச்சம் விடும் தகடு போட்டு, அதன் கீழே காற்று ஓடும்படி கொடி கட்டினால் மழையிலும் இரண்டு நாளில் காயும். ஆகவே பிள்ளைக்கு ஒரு நாள் துணி போதாது, நான்கு நாள் துணி, 32. பெற்றோரிடம் சேர்க்கும் அன்றே இதைக் கேளுங்கள்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் நுவரெலியாப் பக்கம் இன்னும் உண்டு. தயவுசெய்து பிள்ளைகள் தூங்கும் அறையில் அதைச் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்கும் பிள்ளை எழுந்திருக்காது. சிமெந்துத் தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பாய், காலுக்குக் கம்பளி மேசு, இவை போதும்.

84 நாள் மகப்பேற்று லீவில் பிரசவத்துக்குப் பிறகு கிடைப்பது 70 நாள்தான். ஆகவே கைக்குழந்தை உங்களிடம் பத்து வாரத்திலேயே வரலாம், இரண்டு மாதத் தடுப்பூசி போட்ட சூட்டோடு. சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வாங்கி ஊசித் திகதியையும் நிறையையும் பார்த்துவிட்டே பெயர் பதியுங்கள். தாய் பீச்சிக் கொடுத்த பாலுக்கு அவர் பெயரும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, மலைக் குளிரை நம்ப வேண்டாம். சுடுநீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி, கப்பாலும் கரண்டியாலும் ஊட்டுங்கள். போத்தல் வேண்டாம். மிஞ்சிய பாலை மறுபடி சூடாக்காமல் கொட்டிவிடுங்கள். தூங்க வைப்பது மல்லாக்க, முகத்துப் பக்கம் போர்வையோ தலையணையோ இல்லாமல்.

சுவரில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கட்டும்: சிறுவர் பாதுகாப்புக்கு 1929, அம்புலன்சுக்கு 1990. பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பெயர் பதிவில் இருக்க வேண்டும். அதில் இல்லாதவர் சொந்த மாமாவே என்றாலும் தாய்க்குக் கோல் எடுக்காமல் விடக்கூடாது.

கடைசியாக நேரம். நிலையம் காலை 6.30 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கிறது, 11 மணித்தியாலம். ஓர் ஆள் வேலை செய்வது எட்டு மணித்தியாலம், சாப்பாட்டு நேரத்தோடு ஒன்பது. இரண்டு பேர் 6.30க்கு வந்து 3.30க்குப் போனால், மற்ற இரண்டு பேர் 8.30க்கு வந்து 5.30க்குப் போவார்கள். காலை இரண்டு மணித்தியாலமும் மாலை இரண்டு மணித்தியாலமும் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் சமையல் ஆளாகவும் இருக்கலாம். பிள்ளைகள் வந்து இறங்குவதும், கைமாறிப் போவதும், விழுந்து அடிபடுவதும் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான். இங்கே ஐந்தாவது ஆள் ஒருவர் நாளுக்கு நான்கு மணித்தியாலம் வேண்டும், அவர் மேலே போட்ட கணக்கில் இல்லை. பல சின்ன நிலையங்களில் அந்த இடத்தில் நிற்பது நிலையத்தை நடத்தும் பெண்ணேதான், சம்பளம் எழுதாமல். அந்த நான்கு மணித்தியாலத்துக்கும் ஒரு தொகையைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகு கட்டணத்தை முடிவுசெய்யுங்கள்.