ஒரு 'கரெக்ட்'

அந்தப் பையனை வேலைக்கு எடுத்தது நான்தான். இன்டர்வியூ என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் சாயப்பட்டறை லேப் மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்காரவைத்து நாலு கேள்வி. மூன்றாவது கேள்வி எல்லாருக்கும் ஒன்றேதான்.

"அசிட்டிக் ஸ்ட்ராங் ஆசிட்டா, வீக் ஆசிட்டா?"

"வீக்குங்க சார்."

"கரெக்ட்."

நாலு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் 'கரெக்ட்' இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எப்படிச் சொல்றே என்றும் கேட்டேன். ஸ்ட்ராங் ஆசிட் மொத்தம் ஆறுதானுங்க சார், ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், சல்ஃபியூரிக், பெர்குளோரிக், இதுல இல்லாததெல்லாம் வீக்குங்க என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் அப்படித்தான் படித்தவன். காரங்களுக்கும் இதே மாதிரி ஒரு வாய்ப்பாடு உண்டு: சோடியம், பொட்டாசியம் வகையறா ஹைட்ராக்சைடுகள், கூடவே கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். அம்மோனியா வீக். எங்கள் ஸ்டோரில் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) ஸ்ட்ராங், சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) வீக். பரீட்சைக்கு இது போதும். சாயப்பட்டறைக்கும் போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், நைட் ஷிஃப்ட். நியூட்ரல் வாஷுக்கு, அதாவது துணியில் மீந்த காரத்தை முறிக்கிற அலசலுக்கு, அசிட்டிக் எடுக்க ஸ்டோருக்குப் போயிருக்கிறான். ஹெல்பர் வரவில்லை என்று தானே கேனைச் சாய்த்துப் பக்கெட்டில் ஊற்றியிருக்கிறான். கேன் குலுங்கி முழங்கைக்குக் கீழே தெறித்திருக்கிறது. பத்தடியில் தண்ணீர்க் குழாய். அங்கே போகவில்லை. பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு டோசிங் முடித்து, பேட்ச் சீட்டில் பி.எச். (அமில, கார அளவு; 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம்) எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். கையெழுத்து துளிகூட நடுங்கவில்லை.

கிளேசியல், அதாவது தண்ணீர் கலக்காத, அசிட்டிக்கின் குணமே அதுதான். பட்டவுடன் பெரிதாகக் கத்தவிடாது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் வரும். விடியும்போது அவன் கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு அவன் சொன்னது: "வீக் ஆசிட்னுதானுங்க சார் நெனச்சேன். வாசமும் வினிகர் மாதிரி இருந்துச்சு."

"நீங்களும் கரெக்ட்னு சொன்னீங்க" என்று அவன் சொன்னானா? எனக்கு அப்படியொரு வாக்கியம் நினைவில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்கிற அவன் முகம் நினைவில் இல்லை. நானாகவே சேர்த்துக்கொண்டிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அவன் அப்படிப் பேசுகிற பையனே இல்லை.

அவன் சொன்ன பதிலில் தப்பில்லை, நான் சொன்ன 'கரெக்ட்'டிலும் தப்பில்லை என்பதுதான் கஷ்டம். அமிலத்தின் வலிமை என்பது அது தண்ணீரில் எவ்வளவு பிரிகிறது என்பதைப் பற்றியது. 0.1 மோலார் (மோலார் என்பது லிட்டருக்கு எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு) ஹைட்ரோகுளோரிக் எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே அயனியாகப் பிரிந்துவிடும், பி.எச். 1. அதே 0.1 மோலார் அசிட்டிக்கில் ஆயிரம் மூலக்கூறுக்குப் பதிமூன்றுதான் பிரியும், பி.எச். 2.9. வீக் என்றால் இவ்வளவுதான் அர்த்தம். கேனுக்குள் எவ்வளவு அடர்த்தியாக அடைத்திருக்கிறது, தோலை என்ன செய்யும் என்பதெல்லாம் வேறு சங்கதி. சமையல் வினிகரில் அசிட்டிக் 4, 5 சதவீதம். எங்கள் கேனில் 99க்கு மேல், அதாவது சுமார் 17 மோலார். பள்ளிப் பாடத்திலேயே வலிமை மிகுந்த, வலிமை குறைந்த என்று ஒரு ஜோடியும் அடர், நீர்த்த என்று இன்னொரு ஜோடியும் தனித்தனியாக இருக்கின்றன. நான் ஒரு ஜோடியை மட்டும் கேட்டேன்.

அப்புறம் ஒரு நாள் லேப் ஆட்கள் எல்லாரையும் நிற்கவைத்து இரண்டு பீக்கரில் செய்து காட்டினேன். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக், ஒன்றில் அசிட்டிக், இரண்டும் ஒரே மோலாரிட்டி, ஒரே அளவு. பி.எச். மீட்டரில் இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். பிறகு பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி விட்டு, பியூரெட்டில் காஸ்டிக் எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்தால் இரண்டும் ஒரே அளவு காஸ்டிக்கைத்தான் குடித்தன. சொத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஒருத்தன் மொத்தத்தையும் ரொக்கமாகக் கையில் வைத்திருக்கிறான், இன்னொருத்தன் கேட்கக் கேட்க எடுத்துத் தருகிறான் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நாங்கள் அசிட்டிக் வாங்குவதே அது வீக் என்பதால்தான். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் மெஷினில் விட்டால், துணியில் மீந்த காரத்தோடு சேர்ந்து பி.எச்.சைத் தடாலென்று கீழே தள்ளாமல் பிடித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஹைட்ரோகுளோரிக் விட்டால், கொஞ்சம் கணக்குத் தப்பினாலும் பருத்தி இற்றுவிடும். குளோரைடு ஸ்டீலையும் அரிக்கும். துணிக்கும் மெஷினுக்கும் எது சாது, எது முரடு என்று எனக்கு அத்துப்படி. கைக்கு என்ன என்று யோசித்ததில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நான் லேப். ஸ்டோர் என் பொறுப்பில் இல்லை. கையுறை ரேக்கிலேயே தொங்கியது. பாதுகாப்புத் தாள்கள் ஆபீஸ் ஃபைலில் இருந்தன. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த பையனுக்கு 'கேனைத் தொடும்போது பார்த்துத் தொடு' என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். விஷயம் அத்தோடு முடிந்தது.

பிறகுதான் அந்த ஃபைலை எடுத்துப் படித்தேன். நாலு பக்கமும் இங்கிலீஷ். கையுறை பற்றிய இடத்தில் நின்றுவிட்டேன். மெல்லிய லேடெக்ஸ் உறைக்குள் அசிட்டிக் புகுந்துவிடும், அது ஆகாது. ரேக்கில் தொங்கியது லேடெக்ஸ்தான். அவன் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பெரிதாகத் தப்பித்திருக்க மாட்டான். இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. வேறு காரணம் சொல்லி பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்கவைத்தேன்.

கையுறையைவிட என்னை அரிப்பது அந்தப் பத்தடிதான். தெறித்தது சல்ஃபியூரிக்காக இருந்தால் அலறிக்கொண்டு குழாய்க்கு ஓடியிருப்பான். கால் மணி நேரம் தண்ணீரில் கையைக் காட்டியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. வீக் என்று தெரிந்ததால் அந்தப் பத்தடி நடக்கவில்லை. ஒன்றும் தெரியாத லோடுமேன் ஓடியிருப்பான்.

அவன் இரண்டு மாதத்தில் வேலையை விட்டான். இப்போது செல்போன் கடையில் இருக்கிறான். தீபாவளிக்குக் கூப்பிடுவான், ஷேடு எல்லாம் சரியா வருதுங்களா சார் என்று விசாரிப்பான். கையைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அவன் கையில் பட்ட அந்த வாரமே ஸ்டோரில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'அசிட்டிக்: வீரியம் மிகுந்த ஆசிட். கையுறை இல்லாமல் தொடாதே. பட்டால் உடனே தண்ணீர்.' வீரியம் மிகுந்த, அதாவது ஸ்ட்ராங், என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது, உண்மை. அதற்குப் பிறகு அந்த ரேக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போர்டாலா, புதுக் கையுறையாலா, அந்தப் பையன் கதை எல்லாருக்கும் தெரிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. தமிழ் போர்டு அவர்களுக்கு வெறும் கோடு. யாருக்காக மாட்டினேன் என்று சில சமயம் தோன்றும்.

போன மாதம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து நின்றது.

"சார், ஸ்டோர் போர்டுல தப்பா இருக்குங்க சார். அசிட்டிக் வீக்குங்க."

"தெரியும்மா."

"அப்ப மாத்திடலாமுங்களா?"

"மாத்தி என்னன்னு எழுதுவே?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடர் ஆசிட்னு எழுதலாமுங்க சார்" என்றது. சரியான பதில். பக்கத்தில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தவர் நின்று, "அடர்னா என்னாங்க?" என்று கேட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் ஊர்ப் பேச்சில் வீரியம் என்றால் காட்டம்தானே, மருந்து வீரியம், விஷம் வீரியம் என்கிறோமே, அந்தக் கணக்கில் போர்டு தப்பில்லை என்று எனக்குள் ஒரு வாதம் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாத்து என்றும் சொல்லவில்லை, மாத்தாதே என்றும் சொல்லவில்லை. போர்டு அப்படியே தொங்குகிறது.

இன்டர்வியூவில் அந்தப் பெண்ணிடமும் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று தெரியவில்லை, பழக்கம். பதில் பட்டென்று வந்தது.

"வீக்குங்க சார்."

'கரெக்ட்' நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு "ம்" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க சார், தப்புங்களா?"