கரும்பலகை பார்த்துச் சாப்பிடும் கடை

ஜூன் 6, வெள்ளி

அலுவலகத்துக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு சின்ன மீன் கடை. ஆறேழு மேசைதான். அச்சடித்த மெனு இல்லை. கரும்பலகையில் நாலே நாலு அயிட்டம். கணவாய் கேட்டேன். "இன்னைக்கு வந்தது சரியில்ல சார், வாங்கல. இறால் நல்லாருக்கு" என்றார் பரிமாறியவர். அந்தப் பதிலுக்காகவே உட்கார்ந்துவிட்டேன். எல்லா நாளும் எல்லா மீனும் உண்டு என்று சொல்லும் இடத்தில் பாதி ஃப்ரீசரிலிருந்துதான் வரும். உறைந்த மீன் மட்டம் என்று சொல்லமாட்டேன். பிடித்த கையோடு படகிலேயே உறைய வைத்தது, நாள் கணக்கில் ஐஸில் கிடந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் சொல்லி விற்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

கணவாய் கிடைத்தது! அடுப்படி திறந்தே இருப்பதால் நின்று பார்த்தேன். சட்டி புகையும்வரை காய்ந்த பிறகே வளையங்களைப் போட்டார் மாஸ்டர். இரண்டு நிமிடம் ஆகுமுன் தட்டில். கணவாயை ஒன்று இப்படிச் சட்டென்று எடுக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணிக்கு மேல் சிறு தீயில் விட்டுவிட வேண்டும். இடையில் எடுத்தால் ரப்பர்தான். சூடு பட்டதும் அதன் சதையிலுள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதம் சுருங்கி இறுகுகிறது. நெடுநேரம் வெந்தால்தான் ஜெலட்டினாக இளகும். பெரிய ஓட்டல்களில்கூட இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஜூன் 14, சனி

தம்பி குடும்பத்தோடு நண்டு. நல்ல கூட்டம், நல்ல சத்தம். "மசாலாவாலதான் சிவப்பா இருக்கா, பெரியப்பா?" என்றாள் தம்பி மகள். இல்லையம்மா, அந்தச் சிவப்பு நிறமி ஓட்டிலேயே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்து மறைத்திருக்கும், வேகும்போது புரதம் குலைந்து நிறம் வெளியே வரும் என்றேன். அவள் காலை உடைத்துச் சதையை உறிஞ்சுவதில் மும்முரம்.

ஜூன் 17, செவ்வாய்

பலகையில் கானாங்கெளுத்தி மட்டும். சமைக்குமுன் காட்டச் சொன்னேன். இந்த மீனைப் பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போல் படுத்தும் பொருள் சேரும். எவ்வளவு பொரித்தாலும் அது போகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. செவுளைத் திறந்து காட்டினார், நல்ல சிவப்பு. "அழுத்திப் பாருங்க" என்று நீட்டினார். அழுத்திய இடம் உடனே எழும்பியது. முள்ளோடு பொரித்து, எலுமிச்சை பிழிந்து, இரண்டு மீன் சாப்பிட்டேன்.

நாளை மட்டி வருமாம். எட்டு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்.