மின்சாரம் போனால் கதவு திறந்துவிடுமா?

சென்னையின் அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில், மாடிப்படிக்குச் செல்லும் கதவில் மின்காந்தப் பூட்டு பொருத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். தொழிலில் இருப்பவர்கள் இதை ஈ.எம். லாக் என்பார்கள். தீ விபத்து நேர்ந்தால் இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று கட்டடப் பராமரிப்பாளரிடமோ, காவலரிடமோ, பூட்டைப் பொருத்தியவரிடமோ கேட்டால், "கரண்ட் போனா தானா திறந்துடும் சார்" என்ற ஒரே பதில்தான் வரும். கதவுகளுக்கு ஆக்சஸ் கன்ட்ரோல், அதாவது கார்டு காட்டினால் திறக்கும் ஏற்பாடு, அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், இந்தப் பதிலைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அது பொய்யான பதில் அன்று. ஆனால் அதை நம்பி ஒரு தளத்தில் முந்நூறு பேரை உட்கார வைப்பது சரியும் அன்று.

பூட்டின் அமைப்பு மிக எளியது. நிலையின் மேற்சட்டத்தில் ஒரு மின்காந்தம், கதவில் அதற்கு நேராக ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். காந்தத்தின் கம்பிச்சுருளில் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும்வரை தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டம் நின்றால் விட்டுவிடும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் தேய்மானம் குறைவு. நிலையை வெட்டிக் குடைய வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவிலும் ஒரு பட்டையை வைத்துப் பொருத்திவிடலாம். இது இவ்வளவு பரவியதற்கு இவையே காரணங்கள். கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 600 பவுண்டும் 1200 பவுண்டும் தாங்கக்கூடியவை, அதாவது ஏறத்தாழ 270 கிலோவும் 540 கிலோவும். இரண்டாவது வகை பிடித்து வைத்திருக்கும் கதவைக் கையால் தள்ளித் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மின்சாரம் நின்றால் காந்தம் விட்டுவிடும் என்பது உண்மை என்றால், மின்சாரம் உண்மையிலேயே நிற்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மின்வெட்டின்போது கதவு திறந்து கிடந்தால் பாதுகாப்பு என்ன ஆவது என்று எந்த உரிமையாளரும் கேட்பார் என்பதால், பூட்டுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைச் சேர்த்தே வைக்கிறோம். 600 பவுண்டுப் பூட்டு ஒன்று 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். ஏட்டுக் கணக்கின்படி அந்தப் பேட்டரி தனி ஒரு பூட்டை 14 மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். கார்டு ரீடரும், கார்டைச் சரிபார்த்துப் பூட்டை விடுவிக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்து இழுத்தாலும், பேட்டரி பழையதாகவே இருந்தாலும், சில மணி நேரமாவது தாங்கும். இதற்கு முன்னால் கட்டடத்தின் யூ.பி.எஸ். இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. ஆகவே தெருவில் மின்சாரம் போனாலும் மாடிப்படிக் கதவு பூட்டியபடியே இருக்கும். இருக்க வேண்டும் என்றுதான் அதை அமைக்கிறோம். தீயே கம்பியை எரித்து மின்சாரத்தை நிறுத்திவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. கட்டடத் தீயில் மனிதர்களை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் புகை. பொய்க்கூரைக்கு மேல் ஓடும் கம்பி எரிந்து அறும்வரை காத்திருக்கும் அவகாசத்தைப் புகை தருவதில்லை.

எனவே பூட்டின் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டிக்கும் வழி ஒன்றைக் கட்டடத்துக்குள் அமைத்தாக வேண்டும். முதல் வழி ஃபயர் அலாரம் பேனலிலிருந்து வரும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். இரண்டாவது, கதவின் அருகே பச்சை நிறத்தில் இருக்கும், அவசரத்தில் கண்ணாடியை அழுத்திக் கதவைத் திறப்பதற்கான பிரேக் கிளாஸ் பெட்டி. இந்த இரண்டும் பெரும்பாலான கட்டடங்களில் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. பூட்டுக்குப் போகும் மின்கம்பியே பிரேக் கிளாஸின் தொடுமுனைகள் வழியாகச் சென்றால், கண்ணாடியை அழுத்திய நொடியில் பூட்டு இறந்துவிடும். நடுவில் யாருடைய அனுமதியும் தேவைப்படாது. ஆனால் சிலர் அந்தக் கம்பியைக் கன்ட்ரோலரின் ஒரு உள்ளீட்டில் இணைத்துவிட்டு, உள்ளீடு வந்தால் கதவைத் திறக்குமாறு மென்பொருளில் எழுதிவிடுகிறார்கள். கன்ட்ரோலர் செயலிழந்து நின்றுபோயிருந்தால், அல்லது அதன் ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால், கண்ணாடியை எத்தனை முறை அழுத்தினாலும் கதவு அசையாது. அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 101 இதில் எந்த ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆள் வருவதை உணர்ந்து விடுவிக்கும் பூட்டுள்ள கதவுக்கு அருகே, ஐந்தடிக்குள், தரையிலிருந்து 40 முதல் 48 அங்குல உயரத்தில் ஒரு கைப்பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் மின்னணுக் கருவிகளைச் சாராமல் பூட்டின் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும். குறைந்தது 30 நொடிகள் கதவு திறந்த நிலையிலேயே இருக்க வேண்டும். இந்த விதியில் "நேரடியாக" என்பதுதான் உயிர்.

ஃபயர் அலாரம் இணைப்பின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. அலாரத்தை ஓர் ஒப்பந்ததாரர் அமைக்கிறார், ஆக்சஸ் கன்ட்ரோலை மற்றொருவர் அமைக்கிறார். இருவருக்கும் இடையே ஓட வேண்டிய இரட்டைக் கம்பி யாருடைய பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படுவதில்லை. கட்டடம் ஒப்படைக்கப்படும் நாளில் அந்தக் கம்பி பொய்க்கூரைக்கு மேலே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை இணைத்தாலும் எந்த முறையில் இணைக்கிறோம் என்பது முக்கியம். ரிலே எப்போதும் மின்னூட்டம் பெற்ற நிலையில் இருந்து, அலாரம் வந்தாலும் கம்பி அறுந்தாலும் விட்டுவிடுமாறு அமைத்தால் பழுது தானாகவே வெளிப்படும்; அலாரம் வந்தால் மட்டும் இயங்குமாறு அமைத்தால், எலி கடித்த கம்பி தீ வரும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், அலாரம் அடிக்கடி பொய்யாக ஒலித்து எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டதால், அந்த இணைப்பையே கழற்றிவிடும்படி பாதுகாப்புப் பிரிவினர் கேட்டார்கள். அவர்களுடைய தொல்லை எனக்குப் புரிந்தது; ஒவ்வொரு முறையும் எல்லாத் தளங்களுக்கும் ஓடிக் கதவுகளைக் காவல் காத்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் பழுது புகையுணர்விகளில் இருந்தது. தேநீர் அறையை ஒட்டியிருந்தவற்றை வெப்ப உணர்விகளாக மாற்றி, மற்றவற்றைத் தூசு தட்டிச் சுத்தம் செய்த பிறகு பொய்யொலிகள் பெருமளவு குறைந்தன. இணைப்பு அப்படியே இருந்தது.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு பழக்கம் எனக்கு இதைவிட அதிகக் கவலை தருகிறது. வருகைப் பதிவுக்காகவும், ஒரே கார்டில் இருவர் நுழைவதைத் தடுப்பதற்காகவும், கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு ரீடரும் உட்பக்கத்தில் ஒரு ரீடரும் வைத்துவிடுகிறார்கள். உள்ளேயிருந்து வெளியேறவும் கார்டு காட்ட வேண்டும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவை அது பயன்படும் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று சொல்கிறது. கார்டும் ஒரு சாவிதான். புகை சூழ்ந்த நேரத்தில் பையை மேசையிலேயே விட்டு ஓடி வந்த ஒருவரிடமும், அன்று வந்து போக வந்த விருந்தினரிடமும், பழச்சாறு கொண்டு வந்த பையனிடமும் அந்தச் சாவி இருக்காது.

கதவைத் திறக்கும் உரிமை வெளியேறுபவரின் உடலிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் மிகப் பெரிய விலை கொடுத்துப் பெறப்பட்டது. இங்கிலாந்தின் சன்டர்லேண்டு நகரில், 1883 ஜூன் 16 அன்று, விக்டோரியா ஹால் அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. முடிவில் கீழ்த்தளத்தில் பரிசுகள் வழங்கப்படுவதைக் கண்டு மேல்மாடத்துக் குழந்தைகள் படிகளில் இறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அது தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் அங்கே சிக்க, பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழ, 183 குழந்தைகள் நெரிசலில் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. ஒரு தாழ்ப்பாள் மட்டுமே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1892-இல், ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் உள்ளிருந்து தள்ளினாலே விடுபடும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார்.

அமெரிக்காவில் அதே பாடத்தை 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா அரங்கத் தீ கற்பித்தது. திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த அந்த அரங்கில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் இருந்த தாழ்ப்பாளை எப்படி விடுவிப்பது என்று பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. அன்றைய காட்சிக்குப் போக இருந்து, வேலையின் காரணமாகப் போகாமல் தப்பியவர் இண்டியானாபொலிஸ் நகரின் வானெகட் இரும்புப்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் பிரின்ஸ்லர். அவர் கட்டடக்கலைஞர் ஹென்றி டுபாண்டுடன் சேர்ந்து உருவாக்கிய தள்ளுசட்டம் 1908-இல் விற்பனைக்கு வந்தது. வானெகட், டுபாண்ட், பிரின்ஸ்லர் ஆகிய மூன்று பெயர்களின் முன்னெழுத்துகளைக் கோத்து அமைந்த வான் டுப்ரின் என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. நாம் பேனிக் பார் என்று சொல்வது இதைத்தான். கதவின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் நீளும் அந்தச் சட்டத்தின் மீது இடுப்போ முழங்கையோ பட்டால் போதும், தாழ் உள்ளிழுத்துக்கொள்ளும். இருட்டிலும் திறக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் திறக்கலாம், கையில் குழந்தையை வைத்திருப்பவரும் திறக்கலாம். சன்டர்லேண்டில் குழந்தைகளைக் கொன்ற அதே நெரிசலின் விசையையே கதவைத் திறக்கும் விசையாக மாற்றியதை, நான் இந்தத் தொழிலில் கண்ட மிக உயர்ந்த சிந்தனையாகக் கருதுகிறேன்.

இவ்வளவு நல்ல பொருள் கைக்கு வந்த பிறகும் கதவுகள் ஏன் பூட்டப்பட்டன என்று கேட்டால், காரணம் பெரும்பாலும் திருட்டுப் பயமே. நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில், வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளை ஒரே வாசலில் சோதிப்பதற்காக ஒன்பதாவது மாடியின் மற்றொரு கதவைப் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. 1911 மார்ச் 25 அன்று அங்கே 146 பேர் இறந்தார்கள். நூற்றொரு ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பரில், கராச்சியின் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ எப்படி மூண்டிருந்தாலும், வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன என்பது மாறவில்லை. டெல்லியின் உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தபோது பூட்டைவிட இருக்கைகளே பெரிய தடையாக இருந்தன. பால்கனியின் வலப்புற நடைவழியைக் கூடுதல் இருக்கைகள் போட்டு அடைத்திருந்தார்கள்.

திருட்டுப் பயம் நியாயமானதே என்பதால் அதற்கும் விடை சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருபவரைத் தடுப்பதும் உள்ளிருந்து போகிறவரைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள், ஈ.எம். லாக் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடுகிறது என்பதே அதன் அடிப்படைக் குறை. கதவின் நாக்கைப் பிடித்திருந்து, கார்டு காட்டினால் விடுவிக்கும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் என்ற கருவியை நிலையில் பதித்து, கதவின் உட்புறம் சாதாரணக் கைப்பிடியையோ பேனிக் பாரையோ வைத்தால், வெளியிலிருந்து வருபவருக்கு மட்டுமே கார்டு தேவைப்படும். மின்சாரம் இல்லாதபோது வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாடிக்கையாளர்கள் அஞ்சுகிறார்கள். உட்புறக் கைப்பிடி முழுக்க இயந்திர முறையில் இயங்குவதால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளிருப்பவர் வெளியேறலாம் என்பதை அவர்களுக்குக் கதவில் செய்து காட்டினால்தான் அச்சம் தீர்கிறது. தீத்தடுப்புக் கதவுக்கு இந்த வகையே பொருத்தமானதும்கூட. ஏனென்றால் தீயின் அழுத்தத்தில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அதன் நாக்கு நிலையில் பதிந்திருக்க வேண்டும். காந்தம் விட்டுவிட்ட கதவை, அதைத் தானாக மூடும் டோர் க்ளோசர் மட்டுமே பிடித்திருக்கும். செலவு கூடுதல்தான், நிலையை வெட்ட வேண்டும், கண்ணாடிக் கதவுக்கு ஒத்துவராது. இருந்தும் மாடிப்படிக் கதவுக்கு இதைத்தான் நான் முதலில் பரிந்துரைக்கிறேன்.

கடைகளிலும் கிடங்குகளிலும், பொருளோடு ஓடுபவரைப் பிடிக்கத் தாமதத் திறப்பு என்ற முறை இருக்கிறது. சட்டத்தைத் தள்ளியதும் மணி ஒலிக்கும், 15 நொடிகள் கழித்துக் கதவு திறக்கும். ஃபயர் அலாரமோ தண்ணீர் தெளிப்பானோ இயங்கினால் காத்திருப்பு இல்லாமல் உடனே திறந்துவிடும். கதவின் மேல் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். திருமண மண்டபத்துக்கும் திரையரங்குக்கும் இது ஏற்றதன்று என்பது என் கருத்து.

சோதனையைப் பற்றி ஒரு சொல். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சோதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. பேட்டரி முழுச் சக்தியோடு இணைந்திருக்கும்போதே அலாரத்தை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு கதவையும் ஒருவர் நேரில் நின்று தள்ளிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலரின் பலகையை அணைத்துவிட்டு, பூட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, பிரேக் கிளாஸைத் தனியாக அழுத்திப் பார்க்க வேண்டும். கதவுக்கு வெளியே அட்டைப்பெட்டிகளும் பைக்குகளும் நிற்கின்றனவா என்று படியிறங்கித் தெருவரை போய்ப் பார்க்க வேண்டும். இவற்றோடு, கதவின் மேல் பாரம் இருக்கும்போது பூட்டு விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1125, கதவின் மேல் 1000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கும்போதும், பேனிக் பார் 220 நியூட்டனுக்குள் விடுபட வேண்டும் என்கிறது. நம் ஊர்க் கண்ணாடிக் கதவுகளில் ஈ.எம். லாக்குக்கு அடுத்தபடியாகப் பயன்படும் டிராப் போல்ட்டில் உலோகத் தண்டு ஒன்று குழிக்குள் இறங்கி நிற்கும். மின்சாரம் நின்றால் அது மேலேறிவிடும் என்று அட்டையில் எழுதியிருக்கும். யாரும் தொடாதபோது ஏறத்தான் செய்கிறது. இரண்டு பேர் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்: தண்டு குழியின் விளிம்பில் இறுகிக்கொண்டு அங்கேயே நின்றுவிடக்கூடும். வெளியேறும் வழியில் அப்படிச் சிக்கும் டிராப் போல்ட்டைக் கண்டால், அதைக் கழற்ற வேண்டும் என்று அன்றைய அறிக்கையிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.