அடயபாட்டிக்: கடக்க முடியாத ஆறு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பலரைக் குழப்பும் சொல் 'அடயபாட்டிக்': வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் நடக்கும் நிகழ்வு. வேரைப் பார்த்துவிட்டால் குழப்பம் பாதி தீரும்.

கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லை, 'தியா' என்றால் ஊடாக, 'பாடோஸ்' என்றால் நடந்து போகக்கூடியது. சேர்த்தால் 'அதியாபாடோஸ்', கடக்க முடியாதது. பாரசீகத்தில் சிக்கிய கிரேக்கப் படையின் கதையைச் சொல்லும் செனபோன், வீடு திரும்பும் வழியில் குறுக்கிட்ட ஆறுகளை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். அந்த நூலின் பெயரான 'அனபாசிஸ்' கூட அதே 'நட' என்ற வினையில் பிறந்ததே. நீர் உடலினூடே ஓடிப்போகும் நோயான 'டயபடீஸ்' இன்னொரு உறவு.

19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் இதை நீராவி எந்திரவியலுக்குக் கொண்டுவந்தார். 1871இல் மாக்ஸ்வெல், ரேங்கினின் சொல் என்று குறிப்பிட்டே எடுத்தாண்டார்.

இயற்பியலில் அந்த ஆறு, வாயுவைச் சுற்றியுள்ள எல்லை. அதைக் கடக்க முடியாதது வெப்பம் மட்டுமே. அமுக்குவது போன்ற வேலை தாராளமாகக் கடக்கும், அதனால் வெப்பநிலை மாறும். 'வெப்பம் மாறா' என்று மொழிபெயர்க்கும்போது தவறு இங்கேதான் நுழைகிறது: மாணவர் அதை 'வெப்பநிலை மாறா' என்று படித்துவிடுகிறார். அதுவோ 'ஐசோதெர்மல்', முற்றிலும் வேறு.

கணக்கே போட்டுப் பாருங்கள். டீசல் எஞ்சினில் 27 டிகிரி செல்சியஸ் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறோம். 27 டிகிரி என்பது 300 கெல்வின். அதை 16இன் 0.4 அடுக்கால் (காற்றின் வெப்ப ஏற்புத்திறன் விகிதம் 1.4, அதில் ஒன்றைக் கழித்தது), அதாவது சுமார் 3.03ஆல், பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 909 கெல்வின், 636 டிகிரி செல்சியஸ். தீப்பொறி இல்லாமலே டீசல் பற்றிக்கொள்வது இதனால்தான். நிஜத்தில் சிலிண்டர் சுவர் கொஞ்சம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில் அந்த இழப்பு கூடுவதால்தான் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக் தேவைப்படுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் சுடுவதும், நிதானமாக அடித்தால் அவ்வளவாகச் சுடாததும் இதே கணக்கு. வெப்பத்துக்கு அக்கரை சேர அவகாசம் தரக்கூடாது.

வானிலையாளர்கள் 'அ'வை வெட்டிவிட்டு, வெப்பம் புகும் நிகழ்வை 'டயபாட்டிக்' என்கிறார்கள். 'நான்-அடயபாட்டிக்' என்ற இரட்டை மறுப்பைவிட இது எவ்வளவோ மேல். தமிழுக்கு என் தேர்வு 'வெப்பம் கடவா நிகழ்வு': கிரேக்க 'அ' செய்யும் வேலையைக் 'கடவா'வின் ஈறே செய்துவிடுகிறது, ஆறும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.