கட்டில் வாடகை: ஃபிளஷிங் நாட்குறிப்பு

2 மார்ச் 2024, சனி

நியூயார்க்கின் ஃபிளஷிங்கில், பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வரும் நம்மவர்களில் பலர் நடக்கும் தொலைவிலேயே உள்ள மெயின் ஸ்ட்ரீட் சீனர்களோடு காய்கறி வாங்குவதற்கு மேல் பேசியிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இன்று முதல், புதிதாக வந்த சீனக் குடியேறிகள் சிலர் சனிக்கிழமைதோறும் எழுதவும் வரையவும் கூடும் வட்டத்துக்கு இதழ் வடிவமைத்துத் தருகிறேன். எனக்குச் சீனம் தெரியாது. கல்லூரி மாணவி ஒருத்தி மொழிபெயர்த்துச் சொல்கிறாள். சிலர் ஈக்வடாரில் இறங்கி, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலுள்ள டாரியன் காட்டைக் கடந்து, மெக்சிகோ எல்லை வழியே வந்தவர்கள்.

9 மார்ச், சனி

சமையற்கட்டில் வேலை செய்யும் ஒருவர் எட்டு வரிகள் எழுதி வந்தார். பலகையால் தடுத்த அறை, நாள் வாடகைக்கு ஒரு கட்டில், இரவு வேலைக்காரர் எழுந்து போனதும் அதே மெத்தையில் அவருடைய சூடு ஆறுமுன் படுப்பது: இவ்வளவுதான் கவிதை. காட்டைப் பற்றி எழுதினால் அதிகம் பேர் படிப்பார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன் என்பதை வெட்கத்தோடு குறித்து வைக்கிறேன். கவிதை எழுதியவர் சொன்ன பதில்: “காட்டில் மூன்று நாள் இருந்தேன். இந்தக் கட்டிலில் எட்டு மாதமாக இருக்கிறேன்.”

16 மார்ச், சனி

இன்று காகித வேலை. பத்திரிகைத் தாளை நீள்சதுரமாக வெட்டி, பாதியாக மடித்து, இரு பக்கங்களையும் நடுவுக்கு இறக்கி, கீழே மிஞ்சும் ஓரங்களை மேலே மடித்து, மீண்டும் பாதியாக மடித்தால், பின்புறம் இரு பைகள் உள்ள சிறு முக்கோணம் கிடைக்கிறது. ஒன்றின் முனையை இன்னொன்றின் பையில் செருகிக்கொண்டே போனால் பசை இல்லாமலே பறவை எழும்புகிறது. எனக்கு நாற்பது முக்கோணத்திலேயே விரல் வலித்தது.

1993 ஜூன் 6 அன்று, ரகசியமாகக் குடியேற வந்தவர்களை ஏற்றிய கோல்டன் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல், ஃபிளஷிங் அடங்கிய இதே குவீன்ஸ் பகுதியின் ராக்கவே கடற்கரையில் தரைதட்டியது. அதில் இருந்த 286 பேரில் பெரும்பாலோர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள். பத்துப் பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பென்சில்வேனியாவின் யார்க் சிறையில் அடைபட்டவர்கள், கட்டணமின்றி வாதாடிய வழக்கறிஞர்களுக்கு நன்றி சொல்ல இப்படித்தான் மடிக்கத் தொடங்கினார்கள்; பின்னர் அவை விற்கப்பட்டு வழக்குச் செலவுக்கு உதவின. கழுகும் கூண்டுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உருவாயின. கடைசியாக எஞ்சியவர்கள் 1997 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார்கள். எதைச் செய்வது, யாருக்குக் கொடுப்பது என்று கைதிகளே தீர்மானித்த கலை அது. நாங்களோ ஒருவருக்குக் கவிதைப் பொருளைத் தீர்மானித்துக் கொடுக்கப் பார்த்தோம்.

23 மார்ச், சனி

இதழில் எழுதியவர்களின் உண்மைப் பெயரைப் போடுவதா என்று நெடுநேரம் பேசினோம். அடைக்கலம் கேட்ட மனு நிலுவையில், ஊரில் பெற்றோர். எனவே புனைபெயர் போதும் என்று முடிவாயிற்று.

அதைவிடக் கடினமானது எழுத்து வடிவம். பெருநிலச் சீனாவிலிருந்து புதிதாக வருவோர் சுருக்கிய வடிவில் எழுதுகிறார்கள். தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் முன்பே வந்த கடைக்காரர்களுக்குப் பழகியது மரபு வடிவம். வெளியாருக்கு எல்லாரும் ‘சீனர்’; உள்ளே, ஒருவர் எழுதியதை இன்னொருவர் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறார். ஆங்கிலம் மட்டும் போட்டால் நூலகத்தில் பாராட்டுவார்கள், பக்கத்துக் கடைக்காரர் படிக்க மாட்டார். ஆகவே கட்டில் கவிதை இரு சீன வடிவங்களிலும் பெரிதாக, ஆங்கிலம் கீழே சிறிதாக.

5 ஏப்ரல், வெள்ளி

காலை 10.23-க்கு நிலநடுக்கம், 4.8 அளவு, அச்சகத்தில் தாள் அடுக்கு சரிந்தது, வேறு சேதமில்லை. நேற்று சிங்மிங், முன்னோர் கல்லறையைத் துடைக்கும் நாள்; தொலைவிலிருந்து செய்ய முடியாத அந்தக் கடமையைப் பற்றி ஒருவர் வரைந்த படம்தான் அட்டை. அறுபது பிரதிகள்.

13 ஏப்ரல், சனி

நூடுல்ஸ் கடைக்காரர் கட்டில் கவிதைப் பக்கத்தைத் தனியே கிழித்து, வாடகை விளம்பரங்கள் ஒட்டிய சுவரில் ஒட்டியிருந்தார். அதன் ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்ததை மாணவி வாசித்துச் சொன்னாள்: “கட்டில் இன்னும் காலியா?”