ஒத்தி வீடும் பராமரிப்புப் பணமும்: மதுரையில் ஒரு கட்டட உரிமையாளர் மாநாடு

திருமணத்திற்குப் பின் மலேசியாவின் கிள்ளானிலிருந்து மதுரைக்குக் குடிவந்த எனக்கு, இந்த ஊரின் வீட்டுத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சட்டப் புத்தகங்களைக் காட்டிலும் தெளிவாகக் காட்டியது, ஆனி மாதக் கடைசியில் அழகர்கோவில் சாலையில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்த ஒரு நாள் மாநாடுதான். கட்டட உரிமையாளர்களும் அவற்றை வாடகைக்கு நடத்துபவர்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகக் கூட்டப்பட்ட அந்த நிகழ்ச்சிக்கு, அத்தையின் பெயரில் உள்ள வளவு வீடுகளின் (ஒரே வளாகத்துக்குள் சேர்ந்திருக்கும் வீடுகளின்) பொறுப்பை ஏற்றவள் என்ற முறையில் நான் சென்றிருந்தேன். கோலாலம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிர்வாக அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்று கேட்பதற்குத்தான் எனக்கு ஆள் தேவைப்பட்டது.

கோலாலம்பூரில் இத்தகைய கூட்டங்களில் முதல் கேள்வி, எந்த நிறுவனம் என்பதாக இருக்கும். இங்கே எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னவுடன் அங்கே தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்லி, அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குப் பழக்கம் உண்டா என்று விசாரித்து, அதன் பிறகே என் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்துகொண்டார்கள். புதிதாகக் குடியேறியவருக்கு இந்த விசாரணை சற்றுக் கூச்சம் தரலாம்; ஆனால் முன்பணமும், வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுக்கும் ஒத்திப் பணமும் ஆளை நம்பியே கைமாறும் ஊரில், ஆள் யார் என்று கேட்பதும் தொழிலின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

கீழமாசி வீதியில் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வைத்திருப்பவர்கள், திருமண மண்டபக்காரர்கள், டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் உரிமையாளர்கள், வக்கீல்கள், தரகர்கள் எனப் பலரும் வந்திருந்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திற்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், லாட்ஜ்காரர்களுக்கு மாடி ஏற்றி வருமானத்தைக் கூட்ட வழியில்லை. இருக்கும் அறைகளை நன்றாகப் பேணி, சித்திரைத் திருவிழா முடிந்த பிறகும் ஆள் வரச் செய்வதே அவர்களுடைய கவலையாக இருந்தது. மாட்டுத்தாவணிப் பக்கம் பெண்கள் விடுதி நடத்தும் ஓர் அக்கா, 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறத் தாம் அளித்த கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று முதலியவற்றின் நகல்களையே கொண்டுவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினார். அன்று நான் சந்தித்தவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

நான் வெளிநாட்டுக்காரி என்று தெரிந்ததும் தரகர்கள் சிலர் மேலூர் சாலையிலும் திருமங்கலம் பக்கமும் மனைகளைச் சென்ட் கணக்கில் சொல்லத் தொடங்கினார்கள். (ஒரு சென்ட் 435.6 சதுர அடி.) வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் போன்றவர்களுக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இங்கே குடியிருப்பு வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாமே தவிர, விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. ஆகவே, என்னைப் போன்றவர்கள் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருக்கிறதா என்பதையும், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பார்க்காமல் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

பிற்பகலில் பராமரிப்பைப் பற்றிய அமர்வில் என்னையும் பேசச் சொன்னார்கள். மலேசியாவில் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற பகிர்வுக் கட்டட) நிர்வாகச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைச் சேமநிதிக்காகவும் செலுத்த வேண்டும். கட்டடத்துக்கு மறுவண்ணம் பூசுவது போன்ற பெரிய செலவுகள் அதிலிருந்துதான் செய்யப்படும். ஒரே உரிமையாளரின் வளவுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்தால் போர் மோட்டாருக்கும் மொட்டைமாடித் தட்டோட்டுக்கும் கடன் வாங்க வேண்டியிருக்காது என்று சொன்னேன். அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, “வாடகை வந்தால்தானேம்மா ஒதுக்குவது? என் வீடு நாலும் ஒத்திக்குல்ல விட்டிருக்கு!” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் மதுரை வீடுகளின் நிலை எனக்கு விளங்கியது. ஒத்திக்குக் குடிவருபவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குறித்த காலம்வரை வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது அந்தத் தொகையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறார். உரிமையாளருக்கு மகளின் திருமணத்துக்கோ கடனை அடைக்கவோ வட்டியில்லாமல் பணம் கிடைக்கிறது. குடியிருப்பவருக்கு மாதச் செலவு மிச்சமாகிறது. ஆனால் மாதவருமானம் தராத வீட்டுக்கு மராமத்து பார்க்க உரிமையாளரிடம் பணம் இருப்பதில்லை. வாடகை கொடுக்காதவர் வற்புறுத்திக் கேட்கவும் தயங்குகிறார். இருவருக்கும் நடுவில் சுவர் ஊறுகிறது. ஒத்திப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியை வீட்டுக்கே செலவிட வேண்டும் என்று நான் சொன்னதைப் பெரியவர் ஏற்றுக்கொண்டாரா தெரியவில்லை, ஆனால் அந்தக் கணக்கைக் குறித்துக்கொண்டார்.

வக்கீல் ஒருவர் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னார். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெற்று எழுதப்படும் இத்தகைய அடமானப் பத்திரத்தில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அது பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவானால்தான், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரியும்; வெறும் முத்திரைத்தாளோடு நின்றுவிட்டால், அந்த வீட்டை வாங்க வருபவருக்கு உள்ளே ஒருவர் பணம் கொடுத்துக் குடியிருப்பது எந்தப் பதிவிலும் தென்படாது. குடியிருப்பவரின் வாழ்நாள் சேமிப்பு அதில் அடங்கியிருக்கும்போது, பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது யாருக்கும் நன்மையில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் வளவில் ஒரு வீடு இப்போது காலியாக இருக்கிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள் என்பதால், ஆனியில் காலியான வீட்டுக்கு ஆவணியில்தான் ஆள் வரும் என்பதையும், அந்த இடைவெளியே வெள்ளையடிக்கவும் குழாய் மாற்றவும் உகந்த காலம் என்பதையும் விடுதி அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். அதன்படி வேலை நடக்கிறது. ஒத்திக்கு வரப்போகும் குடும்பத்திடம் பதிவைப் பற்றி அத்தையே பேசி முடித்துவிட்டார். ஆவணி பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஏற்பாடாகியிருக்கிறது. இரண்டு சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போட அந்த அக்கா வருகிறார்.