குளிர்கடலில் கையால் கட்டிய கயாக்

வெப்பக் கடலோரத்தில் வளர்ந்து குளிர்நாட்டில் குடியேறியவர்களுக்கு அலை பார்க்கத் தெரியும், நீச்சலும் தெரியும். அந்தத் தைரியத்தில் குளிர்காலத்திலும் மீன்பிடிக்கக் கயாக்கில், அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகில், கடலில் இறங்கிவிடுகிறோம். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அடுத்த 10 நிமிடத்துக்குள் விரல்கள் பிடிமானம் இழக்கும். உடல் விறைத்து நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரமாகும். லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் பெரும்பாலும் அதற்கு முன்பே மூழ்கிவிடுவார். அதனால் கவிழ்ந்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துத்தான் கயாக்கைக் கட்ட வேண்டும்.

4 மி.மீ. மரைன் ப்ளைவுட் (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூட்டுகளை மரத்தூள் குழைத்த எபோக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) நிரப்பி, மேலே ஃபைபர் கிளாஸ் நாடா ஒட்டுவது வீட்டில் செய்யக்கூடிய முறை. 10 டிகிரிக்குக் கீழே எபோக்சி இறுகுவது மிகவும் தாமதமாகும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் திரவத்தை, கூட்டி ஊற்றாதீர்கள். விகிதம் தவறினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். குளிரில் காய்ந்த பூச்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் உப்புத்தாள் போடுங்கள். அப்படியே அடுத்த பூச்சு அடித்தால் உரிந்து வரும்.

முன்னும் பின்னும் தடுப்புப் பலகை வைத்து இரண்டு காற்றறைகள் அமைப்பது கட்டாயம். ஒவ்வொரு தடுப்பின் மேல்பகுதியிலும் 1 மி.மீ. அளவில் ஒரு துளை வேண்டும். கரையில் சூடாக இருந்த உள்காற்று, குளிர்நீரில் இறங்கியதும் சுருங்கும். துளை இல்லையென்றால் அறையைத் திறக்க மேலே வைத்த மூடியின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தும் அறைக்குள் ஈரம் வருவதற்கு இதுவே பல நேரம் காரணம்.

உடையைக் காற்றின் குளிருக்கு அல்ல, நீரின் குளிருக்குத் தேர்ந்தெடுங்கள். நீர் உள்ளே புகாத முழு உடையான ட்ரை சூட்டுக்குள் ஃப்ளீஸ் அல்லது கம்பளி. பருத்தி கூடவே கூடாது. போட்டதும் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள். காற்று கால்பக்கம் தேங்கினால் விழும்போது கால் மேலே மிதக்கும். கவிழ்ந்து மறுபடி ஏறும் பயிற்சியைக் கரையோரம், துணைக்கு ஆள் வைத்து, அதே உடையில் செய்து பார்க்கவேண்டும்.

நீரோட்டத்தில் நங்கூரக் கயிற்றை ஒருபோதும் பக்கவாட்டில் கட்டாதீர்கள். கயாக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். கயிறு முன்முனைக்கோ பின்முனைக்கோ ஓடும்படி கப்பி வையுங்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பிடியும், கயிற்று நுனியில் ஒரு மிதவையும் இருக்கட்டும். சிக்கினால் வெட்ட, கத்தியை ஜாக்கெட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். தூண்டில் முடிச்சுகளை வீட்டிலேயே போட்டு எடுத்துப் போங்கள். விறைத்த விரலால் முடிச்சுப் போடக் குனிகிற நேரத்தில்தான் பக்க அலை வந்து அடிக்கும்.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 12 விநாடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலையில் நடுக்கடலில் சமாளிக்கலாம், ஆனால் கரையில் அது பலமாக உடையும். 5 விநாடிக்கு ஒன்றானால் நடுக்கடலிலேயே செங்குத்தாக எழும்பும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் இன்னும் மோசம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கரையோரம் குளம் போலத் தெரியும். ஏமாந்து போனால் திரும்பித் துடுப்புப் போட முடியாது. காற்றின் வேகம் 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) அளவைத் தாண்டும் என்றால் போகாமல் இருப்பதே சரி.

மீன்பிடி உரிமமும் மீனின் குறைந்தபட்ச நீளமும் இடத்துக்கு இடம் மாறும், போகுமுன் பார்த்துவிடுங்கள். ஈரக் கையுறையோடு கைபேசித் திரை வேலை செய்யாது. நீர்புகா விஎச்எஃப் ரேடியோவை (படகுகளும் கடலோரக் காவலும் பேசிக்கொள்ளும் கருவி) உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், அவசர அழைப்புக்குச் சானல் 16. எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் கடலோரக் காவலை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.